கிரிவலம் என்று சொல்லிவிட்டுப் போன செவ்வாய்க்கிழமைகள்

அந்த வருடம் முழுக்க, இன்று வேலை போய்விடும் என்ற நினைப்போடுதான் நான் எழுந்தேன். பல் துலக்கும்போது நினைப்பேன். மகளுக்குப் பின்னல் போடும்போது நினைப்பேன். பேருந்து நிலையத்தைத் தாண்டி மருத்துவமனை வாசலில் வண்டியை நிறுத்தும்போது வயிறு கலங்கி, ஒரு தடவை கழிப்பறைக்குப் போய்விட்டுத்தான் கவுண்டருக்கு வருவேன்.

நான் ஒரு தனியார் மருத்துவமனையின் மருந்துக் கவுண்டரில் பதினோரு வருடமாக நிற்கிறவள். டாக்டர் எழுதிய சீட்டை வாங்கிப் படித்து, மருந்தை எடுத்து, காலை மாலை எப்போது எத்தனை என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். கேட்க எளிதாக இருக்கும். ஒரு நாள் ஒரு வயதான அம்மாவுக்குத் தைராய்டு மாத்திரை இருபத்தைந்து மைக்ரோகிராமுக்குப் பதில் நூறு கொடுத்துவிட்டேன். இரண்டும் ஒரே மாதிரி பாட்டில், லேபிளின் நிறம் மட்டும் வேறு. அவருடைய மகளுக்கு நல்ல கண். வழக்கமான நிறம் இல்லையே என்று சாயங்காலமே திருப்பிக் கொண்டுவந்துவிட்டார். மாத்திரை ஒன்றுகூட உள்ளே போகவில்லை. ஆனால் எனக்கு உள்ளே ஏதோ போய்விட்டது.

எங்கள் தலைமை மருந்தாளுநர் அதிகம் பேசாத மனிதர். சத்தம் போட்டிருந்தால்கூடத் தேவலை. மெமோவைக் கையில் கொடுத்து, "இன்னொரு தடவை நடந்துச்சுன்னா என்னால ஒண்ணும் பண்ண முடியாதும்மா" என்றார். அவ்வளவுதான்.

அந்த மெமோவைப் பற்றி வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. பதிலுக்கு எல்லாவற்றையும் மூன்று முறை பார்க்க ஆரம்பித்தேன். சீட்டை மூன்று முறை, மாத்திரை அட்டையை மூன்று முறை. வீட்டில் சிலிண்டர் மூடியிருக்கிறதா என்று மூன்று முறை. வரிசையில் நிற்கிறவர்கள் "இன்னாம்மா, பரீட்சையா எழுதற?" என்பார்கள். மூன்று முறை பார்த்தும் பயம் குறையவில்லை, தப்புகள்தான் ஜாஸ்தியாயின. சின்னச் சின்னத் தப்புகள், பையில் போடும் முன்பே நானே கண்டுபிடித்துக்கொள்கிறவை. எத்தனை நாளைக்கு நானே கண்டுபிடிப்பேன்?

தூக்கமும் இல்லை. எங்கள் வீட்டில் ஏசி ஒரே அறையில்தான். திருவண்ணாமலை வெயிலில் கிடந்து எழுந்தவர்களுக்குத் தெரியும், மலை பகலெல்லாம் வாங்கி வைத்த சூட்டை ராத்திரிதான் திருப்பிக் கொடுக்கும். ஆகவே மாமியார், பத்தாவது படிக்கும் மகள், ஏழாவது படிக்கும் மகன், நான், என் கணவர் என்று ஐந்து பேரும் வரிசையாக அந்த ஒரே அறையில். எனக்கும் அவருக்கும் நடுவில் மகன். கை நீட்டினால் கிடைப்பது அவனுடைய முழங்கால். ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே ஓடியது. பகலில் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனாலும் மாமியார் வீட்டில்தான் இருப்பார். நானும் என் கணவரும் ஷிப்ட் மாறுகிற தொழிலாளிகள் மாதிரி ஆகிவிட்டோம். "கேன் தண்ணி வந்துச்சா?" "வந்துச்சு." "டியூஷன் பீஸ்?" "கட்டியாச்சு." அதோடு பேச்சு முடிந்துவிடும்.

என் கணவர் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருக்கிறார். சுற்றுவட்டார கிராமங்களில் கிணற்று மோட்டார் எரிந்துபோனால் அவரிடம்தான் வரும். கடைக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை. எனக்கும் வார ஓய்வு செவ்வாய்தான். ஒரு செவ்வாயன்று மொட்டை மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றார். வாளியிலிருந்து ஒரு சட்டையை எடுத்து, உதறாமலே கொடியில் போட்டார். பிறகு, கொடியைப் பார்த்துக்கொண்டே, "ஒரு நாள் எங்கனா லாட்ஜ்ல ரூம் போடலாமா?" என்றார்.

"யாருக்கு?"

"நமக்குதான்."

எனக்கு வந்த கோபத்தில் கிளிப்பைத் தூக்கி எறிந்தேன். "எனக்கு நாப்பத்தொரு வயசு ஆவுது. பொண்ணு பத்தாவது படிக்குது. உங்களுக்கு புத்தி கித்தி கெட்டுப்போச்சா?"

"புத்தியெல்லாம் நல்லாத்தான் இருக்கு. உன் மூஞ்சிய ஒழுங்கா பாத்தே ஒரு வருஷமாவுது. அதான் கேட்டேன்."

நான் அவர் உதறாமல் போட்ட சட்டையை எடுத்து உதறிப் போட்டேன். அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. ஆனால் அந்த யோசனை தலைக்குள் உட்கார்ந்துகொண்டது. வெட்கமாக இருந்தது, அதோடு ஆசையாகவும் இருந்தது. ஆசை இருந்ததுதான் எனக்கு ஆச்சரியம்.

அடுத்த செவ்வாயன்று மாமியாரிடம், கிரிவலம் போகிறோம் என்று சொன்னோம். எங்கள் ஊரில் இதைவிடப் பொருத்தமான பொய் கிடையாது. மலையைச் சுற்றி வர பதினான்கு கிலோமீட்டர், நாலைந்து மணி நேரம் ஆகும், ஏன் லேட் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கேட்கவா, மாமியார் மனம் குளிர்ந்து எங்கள் இரண்டு பேர் நெற்றியிலும் விபூதி பூசி அனுப்பினார். அந்த விபூதியோடுதான் லாட்ஜ் வரவேற்பு மேஜையின் முன்னால் போய் நின்றோம்.

அங்கேதான் ஊர்க்காரர்கள் மட்டும் செய்யக்கூடிய தப்பைச் செய்தோம். மேஜைக்குப் பின்னால் இருந்த மீசைக்காரர் எங்கள் ஆதார் அட்டைகளை வாங்கி, முகவரியைப் பார்த்து, அப்படியே திருப்பிக் கொடுத்தார்.

"லோக்கலுக்கு ரூம் குடுக்கறது இல்லீங்க."

"புருஷன் பொண்டாட்டிதாங்க" என்றார் என் கணவர்.

"எல்லாரும் அதான் சொல்றாங்க."

எனக்கு சுர்ரென்று ஏறியது. "ஏங்க, ரெண்டு அட்டையிலயும் ஒரே கதவு நம்பர். என் அட்டையில அவர் பேர் போட்டிருக்குது. படிங்க, நல்லா படிங்க."

மீசைக்காரர் நிதானமாகச் சொன்னார்: "ஒரே வீடுன்னா, அந்த வீட்டுக்கே போவலாமே மேடம்."

வெளியே வந்ததும் என் கணவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. எனக்கோ அழுகை. அன்றிலிருந்து புதிதாக ஒரு பயம் சேர்ந்தது. அந்த ஆளுக்கு ஒரு நாள் சர்க்கரையோ இரத்தக் கொதிப்போ வந்து என் கவுண்டருக்கே வந்து நின்றால்? வரிசையில் வருகிற ஒவ்வொரு மீசையையும் பார்த்தேன். ஏற்கெனவே மூன்று முறை படிக்கிற சீட்டை நான்கு முறை படிக்க வேண்டியதாயிற்று.

அதோடு விட்டிருப்பேன். அவர் விடவில்லை. அடுத்த செவ்வாயும் கிரிவலம் என்றே சொல்லிவிட்டுக் கிளம்பினோம். கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையில் ஒரு அம்மா, தன் வீட்டின் பின்பக்கத்தில் இரண்டு அறைகள் கட்டி, நடக்க வருகிறவர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். பாதி வழியில் கால் வலித்தவர்கள் குளித்துப் படுத்துவிட்டுப் போவார்கள். அந்த வீட்டு போர்வெல் மோட்டாருக்கு என் கணவர்தான் காயில் சுற்றிக் கொடுத்தவர். எங்களைப் பார்த்ததும் அந்த அம்மா அட்டையும் கேட்கவில்லை, காரணமும் கேட்கவில்லை. "மோட்டார்காரரா? வாங்க. வெயில் ஜாஸ்தியா இருக்குது, ஃபேனைப் போட்டுக்கிட்டு படுங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

அறையில் ஒரு கட்டில், ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி, போன வருடத்து நாட்காட்டி. நான் தாழ்ப்பாளை நான்கு முறை இழுத்துப் பார்த்தேன். ஜன்னல் கதவைச் சாத்தினேன், புழுங்குகிறது என்று திறந்தேன், யாராவது பார்ப்பார்கள் என்று மறுபடி சாத்தினேன். மகள் பள்ளியிலிருந்து போன் வந்தால்? மாமியார் வழுக்கி விழுந்துவிட்டால்? அவர் நாற்காலியில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பதினெட்டு வருடம் குடும்பம் நடத்திய மனுஷனோடு ஒரு அறையில் தனியாக இருக்க எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

திடீரென்று அவர் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "எந்த ஊருங்க நீங்க?"

எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் சிரிப்பு வந்தது. "போளூருங்க" என்றேன்.

"கிரிவலம் வந்தீங்களா? தனியாவா வந்தீங்க?"

"ஆமாங்க. வீட்டுக்காரரு வரலீங்க. அவருக்கு மோட்டார்தான் முக்கியம்."

"அப்படியா? பாவங்க நீங்க. என்னா வேலை பாக்கறீங்க?"

இதற்கும் விளையாட்டாகத்தான் பதில் சொல்ல நினைத்தேன். டீச்சர் என்றோ போலீஸ் என்றோ சொல்லியிருக்கலாம். ஆனால் வாயைத் திறந்ததும் நிஜம் வந்துவிட்டது. முன்பின் தெரியாத அந்த ஆளிடம், தைராய்டு மாத்திரை, மெமோ, வயிற்றுக் கலக்கம், மூன்று முறை பார்ப்பது எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட சொன்னீங்களா?" என்றார். குரல் மாறியிருந்தது, ஆனால் மரியாதையை விடவில்லை.

"இல்லீங்க. சொன்னா பயந்துடுவாரு."

"பயப்படமாட்டாருங்க" என்றார்.

அதற்குப் பிறகு நான் ரொம்ப நேரம் அழுதேன். அழுது முடித்ததும் அவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்தார். மற்றதை எழுத எனக்குக் கூச்சம்தான், இருந்தாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். பதினெட்டு வருடத்தில் எனக்கு இது பிடிக்கும், இது பிடிக்காது என்று நான் அவரிடம் சொன்னதே இல்லை. அவரும் கேட்டதில்லை. இருட்டில், சத்தம் போடாமல், யாரும் விழித்துக்கொள்ளும் முன்பு முடிக்க வேண்டிய காரியமாகவே அது இருந்துவிட்டது. அன்று பட்டப்பகல் வெளிச்சத்தில் போளூர்க்காரி கேட்டாள். கூசாமல் கேட்டாள். அவரும் கேட்டார். இரண்டு பேரும் திணறினோம், சிரித்தோம், கட்டில் போட்ட சத்தத்துக்குப் பயந்து போர்வையைக் கீழே விரித்தோம். இப்படியெல்லாம் எங்களுக்கு வரும் என்று எங்களுக்கே தெரியாது. பிறகு நான் தூங்கிவிட்டேன். ஒன்றரை மணி நேரம், கனவு இல்லாத தூக்கம்.

மறுநாள் கவுண்டரில் முதல் சீட்டை ஒரு தடவை படித்தேன். மருந்தை எடுத்தேன். இன்னொரு தடவை சரிபார்த்துக் கொடுத்தேன். அடுத்த ஆளைக் கூப்பிட்ட பிறகுதான் வயிறு கலங்கவில்லை என்பதே நினைவுக்கு வந்தது.

அடுத்தடுத்து இன்னும் இரண்டு செவ்வாய்கள் போனோம். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஊர்க்காரர்கள். ஒரு தடவை அவர் வழி தவறிய சாமியாராக இருக்கப் பார்த்தார், எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்ததால் அது நடக்கவில்லை. வேலையில் வித்தியாசம் தெரிந்தது. முன்பெல்லாம் சீட்டில் சந்தேகம் வந்தால் டாக்டருக்குப் போன் செய்யப் பயப்படுவேன், திட்டுவாரே என்று. இப்போது ஒரு குழந்தைக்கு எழுதிய அளவு பெரியவர்கள் அளவு மாதிரி இருக்கவே, கூப்பிட்டுக் கேட்டேன். டாக்டர் எரிந்து விழுந்தார். பிறகு சீட்டை வரவழைத்து, அடித்துத் திருத்தி அனுப்பினார். ஒருத்தி தன் உடம்பில் என்ன வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டுப் பழகினால், போனில் ஒரு சந்தேகத்தைக் கேட்பது பெரிய காரியமாகத் தெரிவதில்லை. இதை எந்தப் பாட்டிலில் அடைத்துக் கொடுப்பது?

என் முகம் தெளிந்ததை வீட்டில் முதலில் கவனித்தது மாமியார்தான். காரணத்தையும் அவரே கண்டுபிடித்தார். அண்ணாமலையார். பக்கத்து வீடு, எதிர்வீடு, பூக்காரம்மா என்று எல்லோரிடமும் சொன்னார். "நாலு வாரம் சுத்தினா பாரு, என் மருமகளுக்கு மூஞ்சியில களையே வந்துடுச்சு." அந்த நான்காவது வாரமே, சனிக்கிழமை சாப்பிடும்போது என்னிடம் சொன்னார்: "வர்ற செவ்வா நானும் வரேம்மா. மெதுவா கூட்டிட்டுப் போங்க."

என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "வெயில் ஜாஸ்திமா" என்றார். "அண்ணாமலையாருக்கு முன்னாடி வெயில் என்னாடா பண்ணும்?" என்றார் மாமியார்.

மறுநாளே பழையபடி ஆகிவிட்டேன். மூன்று முறை பார்த்தேன். திங்கட்கிழமை மதியம், இரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கிற மாத்திரையை ஒருவருக்கு எடுத்து, பையில் போட்டு, பையை அவர் கையில் வைத்த பிறகு, இழுத்துப் பறித்துக்கொண்டேன். ஒரு மில்லிகிராம் கேட்டவருக்கு ஐந்து மில்லிகிராம் எடுத்திருந்தேன். அவர் என்னைப் பைத்தியக்காரியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். இந்தத் தடவை அது வீட்டுக்குப் போயிருந்தால் வேலை மட்டுமா போயிருக்கும், ஒரு ஆளே போயிருப்பார்.

சாயங்காலம் என் கணவரிடம், உங்கள் அம்மாவிடம் சொல்லிவிடப் போகிறேன் என்றேன். "ஐயோ, வேணாம்" என்றார். முகம் வெளுத்துவிட்டது. எரிந்த மோட்டார் எதையும் பிரித்துப் பார்க்கிற மனுஷன், அம்மா என்றால் தொடை நடுங்குவார். அவரைக் கடைக்குப் போகச் சொன்னேன். ஒரு நிமிடத்தில் போய்விட்டார்.

மாமியார் அடுப்படியில் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எதிரில் உட்கார்ந்தேன். நானும் ஒரு கொத்தை எடுத்து உருவினேன். அவசரத்தில் காம்பும் சேர்ந்து வந்தது.

"அத்தை, நாங்க கிரிவலம் போகல."

"இன்னா?"

"நாலு வாரமும் போகல. அடி அண்ணாமலையில ஒரு ரூம் எடுத்து இருந்தோம். நாங்க ரெண்டு பேரும் மட்டும்."

அவர் கீரையைப் பார்த்தார். நான் உருவிய காம்புகளைப் பொறுக்கி ஒதுக்கினார். இத்தனை வருடத்தில் அவர் முன்னால் நான் என் கணவரைத் தொட்டுக்கூடப் பேசியதில்லை. என் காது இரண்டும் கொதித்தன.

"ரூமுக்குப் போனது உங்க இஷ்டம்" என்றார் கடைசியில். "இந்த வீட்டுல எடம் கம்மி, எனக்குத் தெரியாதா? அதுக்கு அண்ணாமலையார் பேரைச் சொல்லிட்டா போவீங்க? நானும் ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்கேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிட்டீங்களே."

அவருடைய கண் கலங்கியிருந்தது. இதை நான் எதிர்பார்க்கவில்லை. கோபப்படுவார், தலையில் அடித்துக்கொள்வார் என்றுதான் பயந்திருந்தேன்.

"நாலு தடவை சொன்னீங்க இல்ல? நாலு தடவையும் சுத்தி முடிங்க. விடியக்காலையில கெளம்புங்க, செருப்பு போடக் கூடாது. அப்புறம் எங்க வேணா போங்க. 'வெளிய போறோம் அத்தை'ன்னு சொல்லு, போதும். இனிமே அவர் பேர்ல பொய் வேணாம்."

சத்தியம் செய்து கொடுத்தேன். நான்கு செவ்வாய்கள் நடந்தோம். முதல் தடவை என் கணவருக்கு இரண்டு பாதத்திலும் கொப்புளம். அடி அண்ணாமலை வந்ததும் அந்த அம்மா வாசல் தெளித்துக்கொண்டே, "இன்னா, உள்ள வரலியா?" என்று கேட்டார். நாங்கள் குனிந்த தலை நிமிராமல் நடந்தோம். ஆனால் பிள்ளைகள் இல்லாமல், போன் எடுக்காமல், நான்கு மணி நேரம் இரண்டு பேரும் பேசியது அதுதான் முதல் தடவை. ஐந்தாவது செவ்வாய் மாமியாரிடம், "வெளிய போறோம் அத்தை" என்றேன். அவர் திரும்பிப் பார்க்காமல், "குடை எடுத்துக்கிட்டு போங்க" என்றார்.

இது நடந்து ஆறேழு மாதம் இருக்கும். ஒரு காலையில் தலைமை மருந்தாளுநர் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேஜையில் என் பெயர் எழுதிய கோப்பு. மேலேயே அந்த மெமோ. எந்தச் சீட்டு, எந்த ஆள் என்று மனம் பின்னோக்கி ஓடியது.

"ஐசியு மருந்தெல்லாம் உன்கிட்ட குடுக்கலாம்னு இருக்கேன்" என்றார். "ஆனா ஒண்ணு தெரியணும். நீ இருந்த இருப்புக்கும் இப்ப இருக்கறதுக்கும் சம்பந்தமே இல்ல. ஏதாவது மாத்திரை போட்டுக்கறியா? உண்மையைச் சொல்லும்மா. அப்படி இருந்தா உன்னை அங்க போட முடியாது."

"இல்ல சார்."

"பின்ன?"

கிரிவலம் என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அவர் கையெடுத்துக் கும்பிட்டு அனுப்பியிருப்பார். சத்தியம் தடுத்தது. இன்னொரு பொய்யை அவசரத்தில் தேடினேன், கிடைக்கவில்லை.

"செவ்வாய்க்கிழமையானா நானும் வீட்டுக்காரரும் வெளிய ரூம் எடுத்து இருக்கோம் சார். வீட்டுல எடம் இல்ல. அதுக்கப்புறம்தான் எனக்கு தூக்கம் வருது, பயம் கம்மியாச்சு."

சொல்லி முடித்ததும் செத்துவிடலாம் போலிருந்தது. அவர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். மெமோவைக் கோப்பின் அடியில் வைத்தார். ஐசியு பட்டியலில் என் பெயரை எழுதினார். இதெல்லாம் முடியும்வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

"உன் செவ்வாய்க்கிழமை லீவு மாறாம பாத்துக்கறேன்" என்றார். நான் எழுந்து கதவு வரை வந்துவிட்டேன். பின்னாலிருந்து, ஸ்டாக் எண்ணிக்கை சொல்கிற அதே குரலில், "எங்க வீட்டம்மா தவறி நாலு வருஷம் ஆவுதும்மா" என்றார். "முப்பது வருஷத்துல ஒரு தடவைகூட எங்கயும் கூப்பிட்டுப் போகல. கேட்டிருந்தா வந்திருப்பாங்கன்னு நெனைக்கறேன்."

கவுண்டரில் ஏழு பேர் நின்றிருந்தார்கள். முதல் சீட்டை நான் மூன்று முறை படிக்க வேண்டியிருந்தது. கண்ணில் நீர் நின்றதால் எழுத்து தெரியவில்லை.